புற்றுநோயும் மலச்சிக்கலும்: வெட்கப்படாமல் பேசுவோம்



சேமிப்பு, கடன், ரத்தசோகை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்று நம் கூட்டங்களில் எவ்வளவோ பேசுகிறோம். இந்த இதழில் கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்றை எழுதுகிறேன். "இதையெல்லாமா புத்தகத்துல எழுதுவாங்க?" என்று யாராவது சிரிக்கலாம். சிரித்துவிட்டு, கடைசி வரை படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டால், அவரைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான். அதனால் இது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நான் செய்த தவறு

நம் குழுக்களில் ஒன்றில் ஊக்குநராக இருக்கும் அக்கா ஒருவர் தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். என்ன ஏது என்று கேட்க வீட்டுக்குப் போனேன். மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய். எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. இடுப்பு வலி தாங்க முடியாமல் இருந்தவருக்கு டாக்டர் மார்ஃபின் மாத்திரை கொடுத்திருந்தார். வலி நன்றாகக் குறைந்திருந்தது.

"வலி பரவாயில்ல. ஆனா அஞ்சு நாளா வெளிக்குப் போகல" என்றார் அக்கா மெதுவான குரலில். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கீரை, வாழைப்பழம் நிறையக் கொடுங்க, தண்ணி குடிக்கச் சொல்லுங்க. சரியாயிடும்." சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போனால் வீடே கலங்கிக் கிடந்தது. அந்த அம்மாவுக்குத் தண்ணியாகப் போகிறது, துணியெல்லாம் நனைகிறது என்று மருந்துக்கடையில் கேட்டுப் பேதி நிற்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வயிறு உப்பிவிட்டது. "எல்லாம் இந்த வலி மாத்திரையாலதான்" என்று மகன் மார்ஃபினையும் நிறுத்திவிட்டார். அந்த அம்மா வலியில் அழுதுகொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் அக்கா, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கையுறை போட்டுச் சோதித்தார். பிறகு சொன்னார்: "இது பேதி இல்ல. கல்லு மாதிரி மலம் அடைச்சு நிக்குது. அதைச் சுத்தி மேல இருக்கிற தண்ணி மட்டும் கசியுது. பேதி மாத்திரை கொடுத்ததால இன்னும் இறுகிப் போச்சு."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. சமூகப் பணி படித்தவள், பத்து வருஷமாக ஊர் ஊராகப் போகிறவள். எனக்கே தெரியவில்லை. அதன் பிறகு அந்த நர்ஸிடமும் டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மலச்சிக்கல் என்றால் என்ன?

ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவர்களும் உண்டு. வாரத்துக்கு மூன்று முறை போகிறவர்களும் உண்டு. இரண்டுமே சரிதான். ஒருவருக்கு வழக்கம் எது என்பதுதான் முக்கியம். வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, மலம் ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டியாக வந்தாலோ, முக்கி முக்கிக் கஷ்டப்பட்டாலோ, போன பிறகும் முழுசாகப் போகாத மாதிரி இருந்தாலோ அது மலச்சிக்கல்.

"சாப்பிடவே இல்லையே, அப்புறம் எப்படிப் போகும்?" என்று நாம் கேட்கிறோம். இது தவறு. மலம் என்பது சாப்பாட்டுச் சக்கை மட்டும் இல்லை. குடலின் உள்தோலில் உதிரும் செல்கள், குடலில் இருக்கும் கிருமிகள், குடலில் சுரக்கும் நீர் எல்லாம் சேர்ந்ததுதான் மலம். கஞ்சி மட்டும் குடிக்கிறவருக்கும் மலம் உண்டாகும். அளவு குறையலாம், ஆனால் நாள் கணக்கில் போகாமல் இருப்பது சரியில்லை.

ஏன் வருகிறது?

நம் பெருங்குடல் சுமார் ஐந்து அடி நீளம். அதன் வேலைகளில் ஒன்று, கழிவில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சுவது. வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடினால் கடைமடை வரை போய்ச் சேரும். மெதுவாகப் போனால் வழியிலேயே மண் குடித்துவிடும், கடைசியில் வெறும் சேறுதான் மிஞ்சும். குடலும் அப்படித்தான். கழிவு மெதுவாக நகர்ந்தால் தண்ணீர் முழுவதும் உறிஞ்சப்பட்டு மலம் கல்லாகிவிடும்.

புற்றுநோய் உள்ளவர்களுக்குக் குடல் மெதுவாவதற்குப் பல காரணங்கள்:

1. வலி மாத்திரைகள்: மார்ஃபின், டிரமடால், கோடீன் போன்றவை குடலின் அசைவைக் குறைத்துவிடும். இதுதான் மிக முக்கியமான காரணம்.
2. மற்ற மருந்துகள்: வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான், இரும்புச் சத்து மாத்திரை, நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சில கீமோ மருந்துகள் (உதாரணமாக வின்கிறிஸ்டின்).
3. சாப்பாடும் தண்ணீரும் குறைவது: வாய்ப்புண், குமட்டல், பசியின்மை.
4. படுத்த படுக்கையாக இருப்பது: உடம்பு அசைந்தால்தான் குடலும் அசையும்.
5. கட்டியே குடலை அழுத்துவது: குடல், கர்ப்பப்பை, சினைப்பை புற்றுநோயில் இது நடக்கலாம்.
6. ரத்தத்தில் கால்சியம் கூடுவது: சில புற்றுநோய்களில், முக்கியமாக எலும்புக்குப் பரவியிருந்தால், இது வரலாம்.
7. ஆசனவாயில் மூலம், வெடிப்பு இருந்தால் வலிக்குப் பயந்து அடக்குவது.
8. வெட்கம்.

எட்டாவது காரணத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அந்த அம்மா விஷயத்தில் மருந்தோடு சேர்ந்து வேலை செய்தது அதுதான். நர்ஸ் அக்கா எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார். பிறகு அந்த அம்மாவின் சம்மதத்தோடு மருமகளிடம் சொன்னார். அவர் தண்ணீர் குடிப்பதையே வேண்டுமென்று குறைத்திருக்கிறார். சாப்பாட்டையும் பாதி ஒதுக்கியிருக்கிறார். "நான் தின்னா அவதானே தூக்கிட்டுப் போகணும். விடிஞ்சா வேலைக்கு ஓடுற புள்ள. பையன் முன்னாடி எப்படி இருக்கிறது?" என்றாராம். இதைக் கேட்ட மருமகள் அடுப்படிக்குப் போய் அழுதார்.

நோயாளி சாப்பிட மறுத்தால் பசி இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். "வெளிக்குப் போக யோசிச்சுக்கிட்டு சாப்பிடாம இருக்கீங்களா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

வலி மாத்திரையும் இளக்கும் மருந்தும் ஜோடி மாடு

மார்ஃபின் ஆரம்பித்த புதிதில் குமட்டல், தூக்கக் கலக்கம் இருக்கலாம். அவை பெரும்பாலும் சில நாட்களில் பழகிப்போகும். ஆனால் மலச்சிக்கல் பழகாது. மாத்திரை சாப்பிடும் வரை அதுவும் இருக்கும். அதனால்தான் வலி மாத்திரை ஆரம்பிக்கும் அன்றே மலம் இளக்கும் மருந்தையும் டாக்டர்கள் சேர்த்து எழுதுகிறார்கள். ஏரில் ஒரு மாட்டை மட்டும் பூட்டினால் உழ முடியுமா? இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும்.

டாக்டர் எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: "ஐயா, வலி மாத்திரைக்கு மலச்சிக்கல் வரும்னு சொல்றாங்களே, அதுக்கு மருந்து எழுதுங்க." கேட்பதில் தவறே இல்லை.

மலச்சிக்கலுக்குப் பயந்து மார்ஃபினை நீங்களாக நிறுத்தவே கூடாது. வலி திரும்ப வரும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்று வலி, பதற்றம் போன்ற தொல்லைகளும் வரலாம். "இது போதை மருந்து, அடிமையாகிவிடுவார்" என்று ஊரில் சொல்வார்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர்கள் அப்படி அடிமையாவது அரிது. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டதே, வலியில் இருப்பவர்களுக்கு இந்த மருந்து எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

என்னென்ன மருந்துகள்?

அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பயமில்லாமல் கொடுக்கலாம்.

குடலைத் தூண்டும் மாத்திரை (பைசகோடில், சென்னா): இரவில் கொடுத்தால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். அதாவது மறுநாள் காலையில் போகும். பைசகோடில் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பாலோடு கொடுக்கக் கூடாது, தண்ணீரோடு முழுசாக விழுங்க வேண்டும். பாலுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இந்த சென்னா வேறு எதுவும் இல்லை, நம் நிலாவாரைதான். திருநெல்வேலிச் சீமையில் விளையும் இந்த இலைக்கு வெளிநாட்டு மருந்துப் புத்தகங்களில் திருநெல்வேலி பெயரே இருக்கிறது. அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கிக் கரண்டிக் கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். மாத்திரையில் அளவு தெரியும். பொடியில் தெரியாது. தளர்ந்த உடம்பு பேதியைத் தாங்காது.

தண்ணீரை இழுக்கும் மருந்து (லாக்டுலோஸ் சிரப், பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர்): இவை குடலுக்குள் தண்ணீரை நிறுத்தி மலத்தை இளக்கும். வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும். "நேத்து கொடுத்தேன், ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடாதீர்கள். சிரப் இனிப்பாக இருக்கும், சிலருக்கு வயிறு உப்புசம் தரும். கூடவே தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஆசனவாயில் வைக்கும் மருந்து: மலம் கீழே வந்து நின்றுவிட்டால் இதை வைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பலன் தெரியும். நர்ஸ் சொல்லிக்கொடுத்த பிறகே வீட்டில் வைக்க வேண்டும்.

மருந்தை எப்போதாவது கொடுப்பதைவிட தினமும் கொடுப்பதுதான் நல்லது. அடைத்த பிறகு எடுப்பது கஷ்டம், அடைக்காமல் பார்ப்பது சுலபம். பேதி மாதிரி அதிகமாகப் போனால் முழுவதும் நிறுத்திவிடாமல், அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்?

தண்ணீர்: டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவரை, ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் வரைக்கும் முயற்சி செய்யுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். அரை மணிக்கு ஒரு தரம் நாலு வாய். மோர், இளநீர், ரசம், கஞ்சித் தண்ணி எல்லாமே கணக்குதான். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வயிற்றில் நீர் கோத்தவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர் கொடுங்கள். அது குடலை எழுப்பிவிடும்.

சாப்பிட முடிகிறவர்களுக்குப் பப்பாளி, கொய்யா, கனிந்த வாழைப்பழம், முருங்கைக்கீரை, அவரை, பீர்க்கங்காய், கேழ்வரகு, ஊறவைத்த உலர்ந்த திராட்சை கொடுக்கலாம். கீமோ ஓடுகிறவர்களுக்குப் பழத்தை நன்றாகக் கழுவி, தோல் சீவி, உடனே நறுக்கிக் கொடுங்கள். அறுத்து வைத்த பழத்தைக் கடையில் வாங்க வேண்டாம்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் மட்டும் போதாது. குடல் அசையாமல் இருக்கும்போது சக்கையை மட்டும் கூட்டினால் அடைப்பு இன்னும் பெரிதாகும். இசப்கோல் தூளும் அப்படித்தான். நன்றாகத் தண்ணீர் குடித்து நடமாடுகிறவர்களுக்கு அது சரி. படுத்தே இருப்பவர், தண்ணீர் அதிகம் இறங்காதவர், குடல் சுருங்கியிருப்பவர் இவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

நேரமும் இடமும்

- காலைச் சாப்பாடு முடிந்து இருபது, முப்பது நிமிஷத்தில் குடல் தானாகவே அசையும். தினமும் அந்த நேரத்தில் உட்கார வையுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிஷம் போதும். முக்கச் சொல்லாதீர்கள்.
- குத்தவைத்து உட்காருவதுதான் மலம் போகச் சுலபமான நிலை. முடியாதவர்களுக்கு நாற்காலிக் கழிப்பறையில் காலுக்குக் கீழே ஒரு சின்ன பலகையோ மணையோ வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும். உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, முழங்கையை முழங்காலில் ஊன்றட்டும்.
- கழிப்பறை தூரமாக இருந்தால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றும் கீழே ஒரு பேசினும் போதும். ஆடாத, உறுதியான நாற்காலியாக இருக்கட்டும்.
- படுக்கையைவிட்டு எழ முடியாதவர்களுக்கு பெட்பேன் வைக்கும்போது தலைப்பக்கத்தைத் தலையணை வைத்து உயர்த்துங்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு யாராலும் போக முடியாது.
- பழைய சேலையைக் குறுக்கே கட்டி மறைப்பு செய்யுங்கள். கதவைச் சாத்துங்கள். "முடிஞ்சுதா, முடிஞ்சுதா?" என்று வாசலில் நின்று கேட்காதீர்கள்.
- நடக்க முடிந்தால் வீட்டுக்குள்ளேயே நாலு எட்டு நடக்கட்டும். முடியாதவர்களுக்குப் படுக்கையிலேயே கால்களை மடக்கி நீட்டிவிடுங்கள்.
- சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கீமோ மருந்து ஏற்றிய பிறகு குறைந்தது இரண்டு நாளாவது கையுறை கட்டாயம். மருந்தின் மிச்சம் மலத்திலும் சிறுநீரிலும் வரும்.

செய்யக் கூடாதவை

விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவ வேண்டாம். தளர்ந்த உடம்பில் தண்ணீரும் உப்பும் ஒரே நாளில் இறங்கிவிடும்.

சோப்புத் தண்ணீர் எனிமா வேண்டாம். குடலின் உள்தோலைப் புண்ணாக்கும்.

வீட்டில் விரல் விட்டு எடுக்க வேண்டாம். கீமோ நடக்கும்போது ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருக்கும். அப்போது எனிமா, ஆசனவாயில் மருந்து, விரல் சோதனை எதுவாக இருந்தாலும் கிருமி தொற்றவும் ரத்தம் கசியவும் வழியாகிவிடும். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொன்னால்தான் செய்ய வேண்டும்.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் படுத்தே இருப்பவர்களுக்கும் பாரஃபின் எண்ணெய் கலந்த சிரப் வேண்டாம். புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

போகாமல் நாலைந்து நாள் இருந்து, பிறகு தண்ணியாகக் கசிந்தால் பேதி மாத்திரை கொடுக்காதீர்கள். முதலில் நர்ஸையோ டாக்டரையோ வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

குழுவில் வரவு செலவு நோட்டு எழுதுகிறோம். ஒரு வாரம் எழுதாமல் விட்டால் கணக்கு எவ்வளவு குழம்பும் என்று நமக்குத் தெரியும். அதே மாதிரி நோயாளிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். தினமும் நாலு கேள்விக்குப் பதில் எழுதினால் போதும்:

1. இன்று வெளிக்குப் போனாரா?
2. எப்படி இருந்தது? (புழுக்கை மாதிரி, கட்டியாக, வாழைப்பழம் மாதிரி மெதுவாக, தண்ணியாக)
3. என்ன மருந்து, எத்தனை?
4. வலி எப்படி இருக்கிறது?

எழுதத் தெரியாதவர்கள் காலண்டரில் போன நாளுக்கு ஒரு வட்டம், போகாத நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். பிள்ளைகளை எழுதச் சொன்னாலும் சரி. மூன்று கோடு சேர்ந்தாற்போல் வந்தால் காத்திருக்க வேண்டாம், நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். "எத்தனை நாளா?" என்று டாக்டர் கேட்டால், "ரொம்ப நாளா" என்று சொல்ல வேண்டியிருக்காது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- மலமும் போகாமல், காற்றும் பிரியாமல், வயிறு உப்பி வாந்தியும் இருந்தால். குடல் அடைத்திருக்கலாம். இந்த நேரத்தில் மலம் இளக்கும் மருந்தைக் கொடுக்காதீர்கள்.
- வயிற்றில் சுருட்டிச் சுருட்டித் தாங்க முடியாத வலி.
- முதுகுவலி புதிதாக வந்தோ அதிகமாகியோ, கால் மரத்துப்போவது, நடக்கும்போது கால் துவளுவது, சிறுநீர் கட்டிக்கொள்வது. தண்டுவடத்தைக் கட்டி அழுத்துகிறதோ என்று அன்றே பார்க்க வேண்டும். தாமதித்தால் கால் வராமலே போகலாம்.
- மலத்தில் ரத்தம், அல்லது தார் மாதிரி கறுப்பு மலம். (இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.)
- கீமோ நடக்கும்போது காய்ச்சல்.
- மலச்சிக்கலோடு தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, பேச்சு குழறுவது, ஆளைத் தெரியாமல் உளறுவது. ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கலாம்.

இந்த அறிகுறிகளுக்கு 108ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். சந்தேகம் கேட்க 104க்குப் பேசலாம்.

யாரிடம் உதவி கேட்பது?

"ஆஸ்பத்திரியில கைவிட்டுட்டாங்க, இனி வீட்டுலதான்" என்று சிலர் சொல்வார்கள். நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் வலி, வாந்தி, புண், மலச்சிக்கல் இவற்றைக் குறைக்க மருத்துவம் உண்டு. அதற்கு நோய் ஆதரவு மற்றும் வலி தணிப்பு சிகிச்சை என்று பெயர். கடைசி நாட்களில் மட்டும் இல்லை, நோய் தெரிந்த நாளிலிருந்தே இதைக் கேட்டுப் பெறலாம். உங்கள் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை பார்க்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் இதற்கான பிரிவைக் கேளுங்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டபோது, வீட்டுக்கே வந்து செய்யும் வலி தணிப்பு சிகிச்சையும் அதில் சேர்க்கப்பட்டது. அதில் வேலைக்கு எடுக்கப்பட்ட மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களிலிருந்து போனவர்கள். உங்கள் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர் இருந்தால், கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

அந்த அக்கா கூட்டத்துக்கு வராதபோது, "அவங்க ஏன் வரல?" என்று நாம் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் கேட்டோம். வீட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இது அவர் தவறு இல்லை, நம் தவறு.

- நோயாளி இருக்கும் வீட்டுக்கு வாரத்துக்கு ஒருவர் முறை வைத்துப் போய் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காரலாம். அந்த நேரத்தில் பார்த்துக்கொள்கிறவர் குளிக்கவாவது தூங்கவாவது செய்வார்.
- கூலி போய்விட்ட குடும்பத்துக்கு அவசரக் கடன், தவணைக்கு அவகாசம் பற்றிக் குழுவில் பேசித் தீர்மானம் எழுதலாம்.
- ஓட்டை நாற்காலி, பெட்பேன், கையுறை பெட்டி ஆகியவற்றைப் பஞ்சாயத்து அளவில் ஒரு செட் வாங்கி வைத்தால், தேவைப்படும் வீட்டுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்.
- வீட்டு ஆண்களிடமும் பேசுங்கள். தூக்கி உட்கார வைப்பது, தண்ணீர் கொண்டுவருவது, நோட்டு எழுதுவது எல்லாம் மகனும் கணவனும் செய்யக்கூடிய வேலைதான்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். நர்ஸ் அக்கா டாக்டரிடம் போனில் பேசி, மருந்து வைத்து, இரண்டு நாளில் அடைப்பை எடுத்துவிட்டார். டாக்டர் சொன்னபடி மார்ஃபின் திரும்ப ஆரம்பித்தது. கூடவே இரவு மாத்திரையும் சிரப்பும். மகன் ஒரு மர நாற்காலியில் ஓட்டை அறுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார், சேலை மறைப்பும் கட்டினார். காலையில் அம்மாவைத் தூக்கி அதில் உட்கார வைத்துவிட்டு வெளியே போய்விடுவார், மற்றதை மருமகள் பார்ப்பார். முதல் நாள் அந்த அம்மா ரொம்பக் கூச்சப்பட்டாராம். "சின்ன வயசுல நீ எனக்குச் செய்யலையா?" என்று மகன் கேட்டாராம். அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மூன்றரை மாதம் இருந்தார். வயிறு நிறைய இல்லாவிட்டாலும், பயமில்லாமல் சாப்பிட்டார். பேரனுக்குக் கதை சொன்னார். நான் போகும்போதெல்லாம் காலண்டரைக் காட்டுவார், வட்டம் போட்டிருப்பதை. போன வாரம் அந்த அக்கா கூட்டத்துக்குத் திரும்ப வந்திருந்தார். "இதை மத்தவங்களுக்கும் எழுதுங்க மேடம், பேரு மட்டும் வேண்டாம்" என்று சொன்னது அவர்தான்.

கூட்டத்தில் பேச:

1. நம் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் யார் யார்? கடைசியாக அவர்கள் வீட்டுக்கு நாம் எப்போது போனோம்?
2. தண்ணியாகப் போனால் அது எப்போதும் பேதிதானா?
3. வலி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மலம் இளக்கும் மருந்தும் கொடுக்கிறார்களா என்று கேட்டோமா?

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்